கடையில வாங்குனது டாஃப்னியாவா மொய்னாவா, ஏரித் தண்ணில ஓடுறது எது: தண்ணித் தெள்ளை உடம்பைப் பாத்துப் பிரிக்கறது எப்படி

உங்க கேள்வியை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், மத்தவங்க படிச்சாலும் புரியணும்ல. பெங்களூர்ல பால்கனியில டப் வச்சு கப்பி, பெட்டா வளக்கறீங்க, சிவாஜிநகர் பக்கம் ஒரு கடையில "டாஃப்னியா கல்ச்சர்"னு ஒரு கவர் வாங்கியிருக்கீங்க, அதோட ஜக்கூர் ஏரி ஓரத்துல செடி அடர்த்தியா இருக்கற இடத்துல ஒரு மக் தண்ணியும் மோந்துட்டு வந்திருக்கீங்க. ரெண்டுலயும் துள்ளிக்கிட்டிருக்கற தண்ணித் தெள்ளுங்களை, அதாவது டாஃப்னியா, மொய்னா மாதிரி மீனுக்குத் தீனியாப் போடுற பொடிசுங்களை, சைஸ், கலர், வால் முள், தலை வடிவம்னு நாலு கட்டம் போட்டுப் பிரிச்சா ஒன்பது இனம் வருது, இது சரியான்னு கேக்கறீங்க.

கட்டம் போட்டது நல்ல காரியம்தான். ஆனா நீங்க எடுத்த நாலு விஷயமும் இந்த ஜீவனுங்ககிட்ட சீக்கிரம் மாறுற விஷயம், அதுதான் சிக்கல். ஒன்பதுல பாதியாவது ஒரே இனத்தோட அம்மா, குட்டி, பசியோட இருக்கறது, பயந்து போனதுன்னு இருக்கும்னு நான் பந்தயமே கட்டுவேன். நான் இங்க ஒரு காலேஜ்ல விலங்கியல் லேப் பாத்துக்கறவன், வருஷா வருஷம் பசங்க கொண்டு வர்ற ரெக்கார்ட் நோட்ல இதே நாலு கட்டம்தான் வரும், அதனால கொஞ்சம் நீட்டியே எழுதறேன், பொறுத்துக்கங்க.

சைஸ் ஏன் ஆகாதுன்னா இதுங்க பெரிய மனுஷி ஆனதுக்கு அப்புறமும் சட்டை உரிச்சு உரிச்சு வளந்துக்கிட்டே இருக்கும், முதல் தடவை முட்டை வச்சவளும் பத்தாவது தடவை வச்சவளும் பக்கத்துல நின்னா வேற வேற இனம் மாதிரி தெரியும். கலர் சுத்தமா ஆகாது. ஆக்ஸிஜன் கம்மியான தண்ணில டாஃப்னியாவும் மொய்னாவும் ஹீமோகுளோபின் நிறைய உண்டாக்கிக்கும், அப்போ உடம்பு செவப்பா மாறும், அதே ஜீவனோட பிள்ளைங்களை நல்லா காத்து போற டப்ல விட்டா கண்ணாடி மாதிரி வெளுத்துடும், பச்சைத் தண்ணில விட்டா குடல் பச்சையா தெரியும். நீங்க "செவப்பு வகை", "வெள்ளை வகை"ன்னு தனித்தனியா எழுதியிருக்கீங்களே, அது சாக்கடை கலக்கற தண்ணிக்கும் மோட்டார் ஓடுற தண்ணிக்கும் உள்ள வித்தியாசம்.

வால் முள்ளும் தலையும் இன்னும் மோசம். குட்டிக்கு உடம்போட ஒப்பிட்டா முள்ளு நீளமா இருக்கும், வயசாக ஆகக் குறையும், சில சமயம் ஒடிஞ்சும் போயிருக்கும். தலைக் கதை இன்னும் சுவாரஸ்யம். ஜெர்மனியில ரிச்சர்ட் வோல்டெரெக்னு ஒருத்தர் ஒரே தாய்வழி வந்த டாஃப்னியாக்களுக்கு வேற வேற அளவு தீனி போட்டு வளத்தாரு, தலைக் கூம்போட உயரம் தீனிக்கேத்த மாதிரி மாறுச்சு, இதை வச்சுத்தான் 1909ல ஒரே மரபுக்கு சூழ்நிலைக்கேத்த பல உருவம் வரலாம்ங்கற கருத்தை முன்வச்சாரு. அதுக்கப்புறம் தெரிய வந்தது, தீனி மட்டும் இல்ல, எதிரியோட வாசனையே போதும்னு. கேயோபோரஸ்னு கடிக்காத கொசு மாதிரி ஒரு பூச்சி, அதோட புழு டாஃப்னியாக் குட்டிகளைப் பிடிச்சுத் திங்கும், அந்தப் புழு இருந்த தண்ணியில டாஃப்னியா பியூலெக்ஸ் குட்டிங்களுக்குப் பிடரியில சின்னப் பல் முளைக்கும், சுத்தமான தண்ணில வளந்த அதே தாயோட குட்டிக்கு அது இருக்காது. ஆஸ்திரேலியாவுல டாஃப்னியா கேரினேட்டா கூட்டத்துக்கு, மல்லாந்து நீந்துற அனிசாப்ஸ் பூச்சி இருந்தா தலைக்கு மேல பெரிய கொண்டை வளருது. நம்ம ஊர்லயும் கிடைக்கற டாஃப்னியா லம்ஹோல்ட்சிக்கு மீன் வாசனை பட்டா தலைக் கூம்பும் வால் முள்ளும் ஈட்டி மாதிரி நீளும். எதிரி இல்லாத டப்ல நாலு தலைமுறை போனா எல்லாம் மழுங்கித் தெரியும். இதுல எல்லாம் ஆம்பளையே இல்லாம அம்மா போட்ட நகல் பிள்ளைங்க, ஜீன் ஒண்ணுதான், அப்போ உருவத்தை நம்பி இனம் பிரிச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, எதை நம்பலாம்? மாறாத உறுப்புகள் இருக்கு. சின்ன உணர்கொம்பு எங்கிருந்து கிளம்புது, பெரிய உணர்கொம்போட கிளையில எத்தனை கணு, வயித்துக்குப் பின்னாடி மடிஞ்சு இருக்கற அந்தப் பின்பகுதியில பல்லு எப்படி, அதோட நுனி நகத்துல சீப்பு இருக்கா, கஷ்ட காலத்துல முதுகுல உண்டாகற கெட்டியான முட்டைப் பெட்டியில எத்தனை முட்டை. இதுக்கு போன்ல மாட்டுற கிளிப் லென்ஸ் பத்தாது, ஸ்கூல் மைக்ராஸ்கோப் ஒண்ணு போதும், பத்து எக்ஸ், நாப்பது எக்ஸ் ஆப்ஜெக்டிவ் இருந்தா பேரினம் வரைக்கும் தாராளமா போயிடலாம்.

பாக்கறதுக்கு முன்னாடி தயார் பண்றது ஒரு விஷயம் இருக்கு. உயிரோட இருக்கறப்போ ஒரு தடவை கட்டாயம் பாருங்க, நீந்துற விதமே பாதி பதிலைச் சொல்லிடும், அதைப் பின்னாடி சொல்றேன். அப்புறம் கொஞ்சம் சோடா ஊத்துனா மயங்கிடும், மயங்குனதும் மெடிக்கல் ஷாப்ல கிடைக்கற ஸ்பிரிட்ல போடுங்க. உயிரோட நேரா ஃபார்மலின்ல போட்டா ஓடு பலூன் மாதிரி உப்பி முட்டையெல்லாம் வெளிய கொட்டிடும், அதுக்காகத்தான் ஃபார்மலின்ல சர்க்கரை கலக்கற வழக்கம் 1973ல இருந்து லேப்கள்ல இருக்கு. வீட்ல ஃபார்மலின் வேண்டவே வேண்டாம், கண்ணு எரியும், குழந்தைங்க இருப்பாங்க. ஸ்லைடுல ஒரு சொட்டு கிளிசரின் விட்டு, கவர் ஸ்லிப்போட நாலு மூலையிலயும் வாசலின் கடுகளவு தொட்டு வச்சு மூடுங்க, நசுங்காம இருக்கும், லேசா நகத்தினா உருண்டு பக்கவாட்டுல படுக்கும். பக்கவாட்டுல படுக்க வைக்காம எடுத்த போட்டோவை வச்சு எவனாலயும் ஒண்ணும் சொல்ல முடியாது, உங்க பதினோரு போட்டோவுல ஏழு அப்படித்தான் இருக்கு.

இன்னொண்ணு, முதல்ல தெள்ளு அல்லாததைக் கழிச்சிருங்க. உங்க ஆறாம் நம்பர் ஆஸ்ட்ரகாட், தலை கால் எல்லாம் ரெண்டு ஓட்டுக்குள்ள முழுசா மூடியிருக்கு பாருங்க, தெள்ளுக்குத் தலை எப்பவும் ஓட்டுக்கு வெளிய தெரியும். ஒன்பதாம் நம்பர் சைக்ளாப்ஸ், ஒத்தைக் கண்ணு, வால் பக்கம் ரெண்டு முட்டைப் பை தொங்கும், விசுக் விசுக்குன்னு பாயும். நம்ம தாத்தா காலத்துல படிக்கிணத்துத் தண்ணியில நரம்புச்சிலந்தி பரவுச்சுன்னு சொல்வாங்களே, அதைக் கடத்துனது இந்த சைக்ளாப்ஸ் கூட்டம்தான், தெள்ளு இல்ல. இந்தியாவுல அந்த நோயே ஒழிஞ்சதா 2000ல சான்று குடுத்தாச்சு, அதனால சைக்ளாப்ஸைப் பாத்ததும் டப்பைக் கவுத்துடாதீங்க. ஆக ஒன்பது, ஏழு ஆயிடுச்சு.

இப்போ மீதி ஏழு. பெரிய உணர்கொம்புல ஆரம்பிங்க, துடுப்பு போடுற அந்த ரெண்டு கை. ஒவ்வொரு கையும் ரெண்டு கிளையா பிரியும். ஒரு கிளைக்கு நாலு கணு, இன்னொண்ணுக்கு மூணு கணுன்னா டாஃப்னியா, மொய்னா, இவங்க சொந்தக்காரங்க. ரெண்டு கிளைக்கும் மூணு மூணு கணுன்னா கைடோரிட் குடும்பம். ஒரு கிளைக்கு ரெண்டே கணு, அதுல பக்கவாட்டுல வரிசையா நிறைய நீளத் தூவல் இருந்தா டயாஃபனோசோமா. இந்தக் கடைசி ஆளு ஈஸி, கை உடம்புக்குப் பொருத்தமே இல்லாத அளவு பெருசு, தலை நீளமா மொட்டையா, மூக்கு கிடையாது, பெரிய கண்ணுக்குக் கீழ வழக்கமா இருக்கற சின்னக் கண்புள்ளியும் கிடையாது, உள்ள ஆறு ஜோடிக் காலும் ஒரே மாதிரி வரிசையா இருக்கும். தண்ணில அசையாம நின்னுட்டு திடீர்னு ஒரே எத்துல வேற இடத்துக்குப் போயிடும். உங்க நாலாம் நம்பர் இதுதான். அதுல எக்ஸைஸம் இனமா சார்சி இனமான்னு பிரிக்க ஓட்டோட கீழ் ஓரம் உள்பக்கமா மடிஞ்சு போற விதத்தையும் பின்னாடி கீழ் மூலையில இருக்கற நுணுக்கமான முள்ளுங்களையும் பாக்கணும், இந்த போட்டோவுல அது தெரியல.

அடுத்தது சின்ன உணர்கொம்பு. இதுதான் என் கணக்குல ராஜா உறுப்பு, இதை ஒழுங்கா பாத்தாலே கடைக்காரர் சொன்னது நிஜமா பொய்யான்னு தெரிஞ்சிடும். பெண் டாஃப்னியாவுக்கு மூக்கு மாதிரி ஒரு கூர் கீழ்நோக்கி இருக்கும், சின்ன உணர்கொம்பு அதுக்கு அடியில ஒளிஞ்சிருக்கற ஒரு குட்டி மேடுதான், அசையாது, நுனியில சில உணர்முடி மட்டும் எட்டிப் பாக்கும். மொய்னாவுக்கு அந்தக் கூர் மூக்கே இல்ல, தலையோட அடிப்பக்கத்துல இருந்து ரெண்டு தனிக் குச்சி தொங்கும், உயிரோட இருக்கறப்போ ஆட்டி ஆட்டிக் காட்டும். பாத்தா மறக்கவே முடியாது.

உங்க கடைக் கவர் போட்டோவை நான் பெருசு பண்ணிப் பாத்தேன், மூணாவது படத்துல ஒண்ணு நல்லா பக்கவாட்டுல படுத்திருக்கு. தலை உருண்டை, கூர் மூக்கு இல்ல, அடியில குச்சி ரெண்டு தெளிவா தொங்குது, முதுகுப் பக்கம் தலையும் உடம்பும் சேர்ற இடத்துல ஒரு பள்ளம், ஓட்டோட பின்னாடி முள்ளே இல்ல, குட்டிப் பையில உருண்டையா கருக்கள் நெருக்கி அடிச்சுக்கிட்டு இருக்கு. மொய்னா, சந்தேகமே வேண்டாம். பெங்களூர்னு இல்ல, சென்னை கொளத்தூர்லயும் டாஃப்னியான்னு விக்கறதுல பெரும்பாலும் இதான் இருக்கும், சூடு தாங்கும், சீக்கிரம் பெருகும், கப்பிக் குஞ்சு வாய்க்கும் அளவு சரி, அதனால உங்களுக்கு நஷ்டம் ஒண்ணும் இல்ல. அந்தக் குட்டிப் பை விஷயத்துலயும் ஒரு வித்தியாசம் இருக்கு, டாஃப்னியா முட்டைக்குள்ளயே குட்டிக்குத் தேவையான கட்டுச்சோறு எல்லாம் இருக்கும், மொய்னாவோட முட்டை பொடிசு, பையை நல்லா மூடிக்கிட்டு உள்ள ஒரு சத்து நீர் சுரந்து அம்மாதான் ஊட்டி வளக்கும். அதனாலதான் டாஃப்னியா முட்டையை வெளிய எடுத்துப் போட்டாலும் குட்டி வரலாம், மொய்னா முட்டைக்கு அது நடக்காது.

மொய்னால எந்த மொய்னா? இங்க ரெண்டு பேரைத் தெரிஞ்சு வச்சுக்கங்க. மைக்ரூரான்னா உடம்பு மழமழன்னு இருக்கும், கண்ணுக்கு மேல தலையில நல்ல குழி விழுந்திருக்கும், பொதுவா ஒரு மில்லிமீட்டர் சுத்து அளவு. மேக்ரோகோப்பான்னா தலையிலயும் முதுகுலயும் மென்மையான ரோமம் இருக்கும், கண்ணுக்கு மேல அந்தக் குழி இருக்காது, ஒன்றரை மில்லியைத் தாண்டும். ரோமம் பாக்கறதுக்கு நாப்பது எக்ஸ் வேணும், வெளிச்சத்தைக் குறைச்சுப் பாருங்க, அதிக வெளிச்சத்துல ரோமம் மறைஞ்சு போயிடும். இதைவிட உறுதியான சாட்சி முட்டைப் பெட்டி. கூட்டம் நெருக்கியடிச்சு தீனி கம்மியானா ஆம்பளைங்க பிறக்கும், அப்புறம் பொம்பளைங்க முதுகுல கறுப்பா, கெட்டியா ஒரு பெட்டி உண்டாகும், எஃபிப்பியம்னு பேரு, அதுக்குள்ள இருக்கற முட்டை காய்ஞ்சு போனாலும் சாகாது. மைக்ரூரா பெட்டியில ஒரு முட்டை, மேக்ரோகோப்பாவுல ரெண்டு. அதனால ஒரு சின்ன பாட்டில்ல மட்டும் தீனி போடாம கூட்டத்தை நெருக்கி விட்டு வைங்க, ஆம்பளையும் பெட்டியும் கிடைச்சிடும். மொய்னா ஆம்பளைக்கு அந்தச் சின்ன உணர்கொம்பு வளைஞ்சு நீளமா, நுனியில கொக்கியோட இருக்கும், பொம்பளையைப் பிடிச்சுக்கறதுக்கு. உங்க அட்டவணையில எட்டாம் நம்பர்ல "நீளக் கொம்பு வகை, சின்னது"ன்னு எழுதியிருக்கீங்களே, அது தனி இனம் இல்லைங்க, ஒண்ணாம் நம்பரோட புருஷன்.

டாஃப்னியா குடும்பத்துலயே மத்த மூணு பேர் உண்டு, ஏரி ஓரத்துல இவங்கதான் சகஜம். செரியோடாஃப்னியாவுக்குத் தலை சிறுசு, கீழ்நோக்கிக் குனிஞ்ச மாதிரி, கழுத்துல ஆழமான வெட்டு, ஓடு முழுக்க அறுகோணக் கட்டம் கட்டமா கோடு. மொய்னாவோட குழப்பிக்கற ஆளு இதான், ஆனா சின்ன உணர்கொம்பு குட்டையா இருக்கும், தொங்குற குச்சி கிடையாது. செரியோடாஃப்னியா கார்னுட்டாவுக்கு மட்டும் முகத்துல அலகு மாதிரி ஒரு கூர் நீட்டிக்கிட்டு இருக்கும், வெப்ப நாட்டு ஏரியில சர்வ சாதாரணம், இதுலயும் தலையில கொம்பு உள்ளது, இல்லாததுன்னு உருவம் மாறும், கொம்பை வச்சு ரெண்டா பிரிக்காதீங்க. உங்க ரெண்டும் ஏழும் இந்த மாதிரி ஒரே ஆளுதான்னு எனக்குப் படுது.

சைமோசெஃபலஸ் பெருசு, தடிச்ச உடம்பு, வால் முள் கிடையாது, பின்பக்கம் உருண்டு முடியும். பிடரியில பசை சுரக்கற உறுப்பு இருக்கு, அதை வச்சு ஹைட்ரில்லா இலையில முதுகை ஒட்டிக்கிட்டு மல்லாந்து உக்காந்தபடியே தண்ணியை வடிச்சுச் சாப்பிடும். டப்ல விட்டா கண்ணாடியில ஒட்டிக்கும், அப்பவே கண்டுபிடிச்சிடலாம். செர்ருலேட்டஸ்னா நெத்தி கோணலா கூர்ந்து அதுல சின்னச் சின்னப் பல் இருக்கும், எக்ஸ்பைனோசஸ்னா நெத்தி உருண்டை, பின்பகுதி நுனி நகத்தோட அடியில தடிச்ச சீப்பு இருக்கும். கண்புள்ளியோட வடிவமும் இங்க உதவும், நீளமா கோடு மாதிரியா, வட்டமான்னு. ஸ்கேஃபோலெபெரிஸ் கறுப்பு, ஓட்டோட கீழ் ஓரம் ஸ்கேல் வச்ச மாதிரி நேரா இருக்கும், அதோட பின் மூலையில முள்ளு. தண்ணியோட மேல்மட்டத்துக்கு அடியில தலைகீழா ஒட்டிக்கிட்டு அப்படியே வழுக்கிக்கிட்டுப் போகும். வேற எந்தத் தெள்ளும் இப்படிப் பண்ணி நான் பாத்ததில்ல, ஸ்லைடே தேவையில்ல.

போஸ்மினாவுக்கு சின்ன உணர்கொம்பு அசையாம யானைத் தந்தம் மாதிரி வளைஞ்சு நீளும், போஸ்மினாப்ஸிஸ்னா அந்தத் தந்தம் ரெண்டும் அடியில ஒண்ணா சேர்ந்து அப்புறம் பிரியும். மேக்ரோத்ரிக்ஸுக்குக் கொம்பு தலையோட முன் நுனியில இருந்து தொங்கும். இலியோக்ரிப்டஸ் சேத்துல வாழறது, சட்டை உரிச்சாலும் பழைய ஓடு உதிராம மேல மேல அடுக்கிக்கிட்டே இருக்கும், அந்த வளையங்களைப் பாத்தாலே ஆளு யாருன்னு தெரிஞ்சிடும். லெடிஜியாவுக்குப் பெரிய கண்ணை விடக் கண்புள்ளி பெருசு. இதெல்லாம் உங்க மக்ல இல்ல, அதனால அதிகம் சொல்லல.

கைடோரிட் பத்தி மட்டும் கொஞ்சம். உங்க அஞ்சாம் நம்பர் கைடோரஸ், உருண்டை உருண்டையா அரை மில்லிகூட இல்லாம உருண்டுக்கிட்டே போகும், தலை ஓடு கிளி மூக்கா நீண்டு சின்ன உணர்கொம்பையே மூடிடும். இதை கைடோரஸ் ஸ்ஃபேரிகஸ்னு போட்டுட்டீங்க. இந்த ஒரு பேரை உலகம் பூரா கிடைக்கற எல்லா உருண்டைக்கும் ரொம்ப காலம் வச்சுக்கிட்டிருந்தாங்க. அமெரிக்காவுல டேவிட் ஃப்ரேன்னு ஒருத்தர், தலை ஓட்டு மேல இருக்கற பொடித் துளைகளோட எண்ணிக்கையும் அடுக்கும் இந்தக் குடும்பத்துல நம்பகமான அடையாளம்னு 1959ல காட்டினாரு, அப்புறம் 1982ல தெள்ளு இனங்கள் உலகம் முழுக்கப் பரவியிருக்குங்கற நம்பிக்கையையே கேள்வி கேட்டு எழுதினாரு. ஸ்ஃபேரிகஸ்னு ஒண்ணு இல்ல, அது ஒரு கூட்டம்னு ஆயிடுச்சு. அலோனா பேரினமும் இப்படித்தான் உடைஞ்சு சிதறிடுச்சு, 1853ல அலோனா கருவான்னு பேர் வச்சது இப்போ கருவலோனா கருவா, ஓட்டோட பின் கீழ் மூலையில ஒண்ணு ரெண்டு பல் இருக்கறதுதான் அதோட கைநாட்டு. அதனால அஞ்சாம் நம்பரை "கைடோரஸ் இனம்"னு மட்டும் எழுதி நிறுத்திக்கங்க. பேரினத்தோட நிறுத்தறதுல அசிங்கம் ஒண்ணும் இல்ல, தப்பான முழுப் பேரை விட சரியான பாதிப் பேர் உபயோகம்.

அப்போ நிஜ டாஃப்னியா எங்க போச்சுன்னு கேப்பீங்க. உங்க மூணாம் நம்பர் மட்டும் இருக்கலாம். மீன் இருக்கற ஏரியில பெரிய தெள்ளு தங்காது, மீன் கண்ணுக்குப் பெருசுதான் முதல்ல மாட்டும், இதை ப்ரூக்ஸ், டாட்ஸன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1965லயே காட்டிட்டாங்க. இங்க ஜிலேபி மீன் இல்லாத ஏரி ஏது? அதனால மொய்னா, செரியோடாஃப்னியா, டயாஃபனோசோமா மாதிரி பொடிசுங்க ராஜ்ஜியம்தான் நடக்கும். பெரிய டாஃப்னியா வேணும்னா மழைக்கு அப்புறம் தேங்குற, மீன் இல்லாத குட்டைங்களைப் பாருங்க.

மூணாம் நம்பரை எப்படி உறுதி பண்றது? முதுகு நடுக்கோட்டைப் பாருங்க, ஓட்டோட அந்தக் கோடு தலை ஓட்டுக்குள்ள ஆப்பு மாதிரி நுழைஞ்சு போகுதான்னு. போனா டீனோடாஃப்னியாங்கற துணைப் பேரினம், கேரினேட்டா, சிமிலிஸ், லம்ஹோல்ட்சி, ஆன்லைன்ல விக்கற மேக்னா எல்லாம் அதுல வரும். முட்டைப் பெட்டி கிடைச்சா இன்னும் சுலபம், இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு ரெண்டு முட்டையும் முதுகு ஓரத்துக்கு இணையா படுத்திருக்கும், பியூலெக்ஸ், லாங்கிஸ்பைனா பக்கம்னா செங்குத்தா நிக்கும். அதுக்கு அப்புறம் உடம்போட பின்பகுதி. ஒரு மெல்லிய ஊசியால ஓட்டுக்குள்ள மடிஞ்சிருக்கறதை வெளிய இழுத்து விட்டீங்கன்னா அதோட மேல் ஓரத்துல ரம்பப் பல் வரிசை தெரியும், நுனியில ரெண்டு நகம். மேக்னாவுக்கு அந்தப் பல் வரிசை நடுவுல ஆழமா குழிஞ்சு ரெண்டா பிரிஞ்ச மாதிரி இருக்கும், அஞ்சு மில்லி வரைக்கும் வளரும், அந்தக் குழிவு இல்லாம யாராவது மேக்னான்னு வித்தா காசு குடுக்காதீங்க. நகத்தோட பக்கத்துல மூணு சீப்பு வரிசையா இருக்கும், பியூலெக்ஸுக்கு நடுச் சீப்போட பல் மட்டும் பெருசா தடிப்பா தெரியும், லாங்கிஸ்பைனா கூட்டத்துக்கு மூணும் ஒரே மாதிரி நைஸா இருக்கும். லம்ஹோல்ட்சியை இவ்வளவு பாடுபடாமலே சொல்லிடலாம், கூம்பு இல்லாத உருவத்துலகூட தலைக்குப் பக்கவாட்டுல ஓடு ரெண்டு பக்கமும் முள்ளா கூர்ந்து முடியும், ஓட்டுக் கீழ் ஓரத்து முட்களும் பெருசு. கேரினேட்டாங்கற பேருலயும் ஒரு கூட்டமே ஒளிஞ்சிருக்கு, மூலப் பேர் ஆஸ்திரேலியாவுல வச்சது, இந்தியால உள்ளதெல்லாம் அதே இனம்னு சத்தியம் பண்ண முடியாது. அங்க டிஎன்ஏ பாத்தாத்தான் முடிவு வரும், அதுக்குத்தான் ஸ்பிரிட்ல போடச் சொன்னது, ஃபார்மலின்ல போட்டா டிஎன்ஏ எடுக்கறது பெரும்பாடு.

நம்ம நாட்டுத் தெள்ளுகளுக்குன்னே இந்திய விலங்கியல் ஆய்வகம் 1988ல மைக்கேல், சர்மா ரெண்டு பேர் எழுதுன ஒரு தொகுதி போட்டிருக்கு, படங்களோட இருக்கும், பழைய பேர்கள் சில மாறிடுச்சே தவிர உறுப்பு பாக்கறதுக்கு இப்பவும் அதுதான் கைவிளக்கு. இனம் கண்டுபிடிக்க உதவுற ஐரோப்பியச் சாவிப் புத்தகத்தை மட்டும் வச்சுக்கிட்டு நம்ம ஏரியைப் பாக்காதீங்க, அதுல இல்லாத ஆளு இங்க இருக்கும், இங்க இல்லாத ஆளு பேரை அது கொண்டு வந்து நிறுத்தும்.

தண்ணி மோக்க எப்பவும் ஏரிக்கே போகணும்னு இல்ல. கோடையில ஏரி வத்துன இடத்துல ஓரத்துச் சேத்துக் காய்ஞ்ச மண் ஒரு கைப்பிடி எடுத்து, குளோரின் போன தண்ணில ஊற வைங்க, மண்ணுல கிடக்கற முட்டைப் பெட்டிங்க பொரிச்சு வரும். நார்வேல ஜி.ஓ. சார்ஸ்னு ஒரு பெரியவர், ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த காய்ஞ்ச சேத்தை இப்படி ஊற வச்சே அந்த நாட்டுத் தெள்ளுகளை வளத்து 1885ல விவரிச்சு எழுதினாரு. இப்படி வளக்கறதுல ஒரு லாபம், மீன் வாசனை இல்லாத தண்ணி, அதனால தலையும் முள்ளும் அலங்காரம் இல்லாம வரும், ஏரியில பிடிச்சதோட பக்கத்துல வச்சுப் பாத்தா எது உண்மையான அடையாளம், எது பயத்துல வந்ததுன்னு உங்க கண்ணாலயே பாத்துக்கலாம். கடைக் கல்ச்சர் மிச்சத்தை மட்டும் ஏரியில கொட்டாதீங்க, லம்ஹோல்ட்சி அப்படி ஏதோ வழியில அமெரிக்க நீர்த்தேக்கங்களுக்குள்ள புகுந்து 1990கள்ல பல மாநிலத்துக்குப் பரவிடுச்சு. சாக்கடையில ஊத்தறதுன்னாலும் முதல்ல கொதிக்கிற தண்ணி ஊத்திட்டு ஊத்துங்க.

ஆக உங்க ஒன்பது இப்போதைக்கு இப்படி நிக்குது: ஒண்ணும் எட்டும் மொய்னா, ரெண்டும் ஏழும் செரியோடாஃப்னியா கார்னுட்டாவா இருக்கலாம், நாலு டயாஃபனோசோமா, அஞ்சு கைடோரஸ், மூணு டாஃப்னியா போலத் தெரியுது, ஆறும் ஒன்பதும் தெள்ளே இல்ல. மூணாம் நம்பருக்கு முழு உடம்பு பக்கவாட்டுல ஒரு போட்டோ, தலை மட்டும் நாப்பது எக்ஸ்ல ஒண்ணு, பின்பகுதியும் நகமும் வெளிய இழுத்து வச்சு ஒண்ணு எடுத்துப் போடுங்க, ஒண்ணாம் நம்பருக்கு முட்டைப் பெட்டி வந்ததும் அதை ஒண்ணு. அளவுகோலுக்கு ஸ்லைடு மேல பிளாஸ்டிக் ஸ்கேல் வச்சு அதே லென்ஸ்ல ஒரு படம் எடுத்தா போதும். வாரக் கடைசியில லேப்ல இருப்பேன், பாத்துட்டு சொல்றேன்.